நல்ல வாட்டம்

அந்தத் தளத்தில் தண்ணீர் நிற்காது. எப்பேர்ப்பட்ட மழை பெய்தாலும் அரை மணி நேரத்தில் தரை காய்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி கிடக்கும். சந்தைத் தெருவுக்குப் பின்னால் ஒரு காலத்தில் பெரிய கோடவுன் இருந்தது. சுவரையும் கூரையையும் இடித்து எடுத்துக்கொண்டு போனவர்கள் தரையை மட்டும் பெயர்க்க முடியாமல் விட்டுவிட்டுப் போனார்கள். அவ்வளவு கெட்டியான சிமெண்டுத் தளம். நகராட்சிக்குச் சொந்தமான இடம் என்று மூலையில் ஒரு துருப்பிடித்த தகரப் பலகை நிற்கும். அந்தப் பலகையின் காலையும் விடாமல் ஒரு கயிற்றைக் கட்டித் தலையணை உறை காயப்போட்டிருந்தாள் லாண்டரி அக்கா.

ஊரே அவளை லாண்டரி அக்கா என்றுதான் கூப்பிடும், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட. தளத்தை ஒட்டி அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதற்குள் இரண்டு வாஷிங் மிஷின், ஒரு சிமெண்டுத் தொட்டி, ஒரு இஸ்திரி மேசை. இரண்டு லாட்ஜுகளின் படுக்கை விரிப்பும் ஓர் ஆஸ்பத்திரியின் துண்டுகளும் அவள் கையில்தான் வெளுத்தன. காலை ஆறு மணிக்கு மிஷின் ஓட ஆரம்பித்தால் ஒன்பது மணிக்குத் தளம் முழுக்கப் பதினோரு வரிசைக் கயிற்றில் விரிப்புகள் ஆடும். மதியம் இரண்டரைக்கு மொடமொடவென்று எடுத்துவிடலாம். வெயில் அப்படி. அதைவிடக் காற்று அப்படி.

ஈரத்துணிக் கூடைதான் பிராணனை வாங்கியது. பதினோரு வருஷமாக இடுப்பில் தூக்கித் தூக்கி, இடுப்பு அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு நாள், கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது மகள் ஏறி நின்று ஓட்டுகிற பழைய சக்கரப் பலகை கையில் பட்டது. மஞ்சள் சக்கரம், மேலே பாதி உரிந்த ஏதோ படம். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதன்மேல் கூடையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். கூடை போனது. அவள் கையை எடுத்த பிறகும் போனது. கொட்டகை வாசலிலிருந்து கயிறு கட்டிய நாலாவது கம்பம் வரைக்கும் நிதானமாக, யாரோ கூட்டிக்கொண்டு போவது மாதிரி போய் நின்றது. அன்று லாண்டரி அக்கா தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

இதை வெளியே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷமாக அந்தப் பலகையை அவள் திட்டாத திட்டு இல்லை. மகள் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வரும்போதெல்லாம், "இதை அடுப்புல வைக்கலன்னா பாரு" என்று மிரட்டியவள், இப்போது அதையே தொட்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வைத்திருக்கிறாள் என்று தெரிந்தால் மானம் போய்விடும். மகளோ தேடிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, என் பழைய போர்டைப் பாத்தியா? மஞ்ச சக்கரம் வச்சது."

"உன் சக்கரத்துக்கு நான் என்ன காவலா? ஒழுங்கா வச்சிருந்தா ஏன் காணாமப் போகுது?"

"குட்டைதான் எடுத்திருப்பா. கேட்டா இல்லைங்கறா."

குட்டை என்பது மகளின் சிநேகிதி. பாவம், ஆறு மாதமாகச் செய்யாத திருட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகளுக்குப் பத்தொன்பது முடிந்து இருபது. மருந்துக்கடையில் பில் போடுகிறாள். மூன்று மணிக்கு ஷிஃப்டு முடிந்தால் நேரே சந்தை வாசல் படிக்கட்டுக்குப் போய்விடுவாள். அங்கே இருபது முப்பது பேர் பலகையோடு சேர்வார்கள். காவல்காரர் விசில் ஊதித் துரத்துவார். பெட்ரோல் பங்குக்கு ஓடுவார்கள். அங்கே பங்குக்காரர்கள் துரத்துவார்கள். ஒரு நாள் கூத்தில்லை, தினமும் இதே கூத்து. அந்தக் கூட்டத்தில் பதினொரு பேர் பெண்கள், அதில் குட்டைக்கு வயது பதின்மூன்று.

அக்காவின் வீட்டுக்காரர் தளம் போடும் கொத்தனார். ஊரில் அவருக்குப் பெயர் ரசமட்டம். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி ஓடுமே, தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவி, அது. இவருக்கு அந்தக் கருவி வேண்டாம், கண்ணே போதும். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது இவர் குனிந்து தரையைப் பார்த்துவிட்டு, "ஹால்ல வாட்டம் தப்பா விட்டிருக்கானே" என்று முணுமுணுத்த ஆள். தண்ணீர் தானாக ஓடிப்போகும்படி தரைக்குக் கொடுக்கிற லேசான சரிவுக்குக் கட்டட வேலையில் வாட்டம் என்று பெயர். அவர் உலகத்தில் மனிதர்கள் இரண்டு வகை, வாட்டம் பார்த்துத் தளம் போடுகிறவர்கள், மற்றவர்கள்.

ஒரு திங்கட்கிழமை நாலு மணிக்கு மேல் மகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அக்கா கடைசி வரிசை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கெடச்சிருச்சும்மா."

"என்னடி கெடச்சது? மூச்சு விட்டுட்டுப் பேசு."

"பார்க்கு. ஸ்கேட் பார்க்கு. அறுபத்திரண்டு பேரு கையெழுத்துப் போட்டு மனு குடுத்தோம்ல, நகராட்சியில ஒத்துக்கிட்டாங்க. எடம் மட்டும் அடுத்த புதன்கிழமைக்குள்ள முடிவாகணுமாம். இல்லன்னா பக்கத்து வார்டுக்குத் தூக்கிக் குடுத்துருவாங்களாம். கவுன்சிலரம்மா என்னைக் கூப்பிட்டு உக்காரச் சொல்லி டீ குடுத்தாங்கம்மா."

"டீ குடிச்சதுக்கா செருப்பைக் கழட்டிட்டு ஓடி வர்ற?"

"வார் அறுந்துருச்சு. அதுக்காக நிக்க முடியுமா?"

மகள் அக்காவின் இரண்டு கையையும் பிடித்து, மடித்த விரிப்போடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினாள். விரிப்பு தரையில் விழுந்து புரண்டது. வேறு நாளாக இருந்தால் அடி விழுந்திருக்கும். அன்று அக்காவுக்கும் தலைகால் புரியவில்லை. இந்தப் பெண் ஒன்றைக் கேட்டு, அதை ஊர் மதித்துக் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

அதற்குள் ரசமட்டமும் வந்துவிட்டார். சிமெண்டு பூசுகிற கரணையும் மட்டப்பலகையும் போட்ட சாக்கைக் கீழே வைக்கக்கூட இல்லை, முகமெல்லாம் பல்.

"என்னைக் கமிட்டில போட்டிருக்காங்க தெரியுமா? ஊர்ல தளம் தெரிஞ்ச ஆளு வேணும்னு இன்ஜினீயரே ஆள் விட்டுக் கூப்பிட்டாரு. சனிக்கிழம மூணு எடமும் பாக்கப் போறோம்."

"எந்த மூணு எடங்க?"

மகள் சட்டைப் பையிலிருந்து நகராட்சியில் கொடுத்த தாளை எடுத்துப் பிரித்தாள். "ஒண்ணு, பம்பு ஹவுஸ் மைதானம். ரெண்டு, பாலத்தடி. மூணு..." அங்கே நின்றுவிட்டாள். அவள் அதுவரைக்கும் படித்தே பார்க்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மூணு?"

"மூணு, சந்தைத் தெரு பழைய கோடவுன் தளம்."

பதினோரு கயிறும் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தன. லாண்டரி அக்கா கீழே விழுந்த விரிப்பை எடுத்து உதறினாள். அழுக்கு ஒட்டியிருந்தது. மறுபடி துவைக்க வேண்டும்.

"நான் சொல்லலம்மா. சத்தியமா நான் இந்த எடத்தச் சொல்லவே இல்ல."

"நீ சொன்னேன்னு யாருடி சொன்னா? அவங்க எடம், அவங்க லிஸ்டுல போட்டிருக்காங்க. போய்ப் பாருங்க. பாத்துட்டுத்தானே முடிவு?" என்றாள் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் வந்தது. தளம் போனால் நாற்பது விரிப்பை எங்கே காயப்போடுவது? வீட்டு மொட்டை மாடியில் எட்டுக்கு மேல் கொள்ளாது. இரண்டு நாள் தாமதமானால் லாட்ஜுக்காரர்கள் பக்கத்து ஊர் மிஷின் லாண்டரிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் போனால் அப்புறம் ஆஸ்பத்திரித் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு கைக்குட்டை தைக்கலாம்.

சனிக்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு, எட்டு மணிக்கு வானம் பளிச்சென்று வெளுத்தது. தளம் பார்க்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று ரசமட்டம் கைகளைத் தேய்த்துக்கொண்டார். நகராட்சி இன்ஜினீயர், புதிதாக வேலைக்குச் சேர்ந்த கிளார்க், மகள், குட்டை, ரசமட்டம் என்று ஐந்து பேரும் மூன்று வண்டியில் புறப்பட்டார்கள். முதல் இரண்டு இடத்தில் நடந்ததை மகள் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லி அக்காவுக்கு நேரில் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது.

பம்பு ஹவுஸ் மைதானத்தில் முழங்கால் தண்ணீர். ரசமட்டம் வண்டியைவிட்டே இறங்கவில்லை. "இங்க சக்கரப் பலகை விட முடியாதுங்க சார். படகு விடலாம்" என்றார். பாலத்தடியில் தரை நன்றாகத்தான் இருந்தது. காய்ந்த தரை, நல்ல நிழல். ஆனால் பட்டப்பகலில் இருட்டு. தூணுக்குத் தூண் லாரி நின்றது. லாரிக்கு நடுவில் சீட்டாடிக்கொண்டிருந்த நாலு பேர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் குட்டை வண்டியைவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தெருவுல போற ஆளு கண்ணுல படாத எடம் இது. இங்கன்னா எங்கள எல்லாம் வீட்ல விட மாட்டாங்க சார். பசங்க வருவாங்க, நாங்க வர முடியாது" என்று மகள் சொன்னாளாம்.

"லைட்டுப் போடலாம்மா" என்றாராம் இன்ஜினீயர்.

"லைட்டு பாத்துக்குமா சார் எங்கள?"

மூன்றாவதாகத் தளத்துக்கு வந்தபோது மணி ஒன்பது. மழையால் அன்று கயிற்றில் துணி ஏறவில்லை. கொட்டகை வாசலில் ஈர விரிப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லாண்டரி அக்கா நின்றாள். பெற்ற மகளும் கட்டிய புருஷனும் வீடு பார்க்க வந்த அந்நியர் மாதிரி தளத்தின் குறுக்கே நடப்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. தரை ஏற்கெனவே காய்ந்திருந்தது. மூன்று பக்கம் வீட்டு ஜன்னல்கள், ஒரு பக்கம் சந்தைத் தெரு. கீரைக்காரியிலிருந்து சைக்கிள் கடைக்காரர் வரைக்கும் தலையைத் திருப்பினால் தளம் தெரியும்.

மகள் தன் புதுப் பலகையைக் கொட்டகை வாசலில், அக்காவின் காலடிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏறவில்லை. சும்மா விட்டாள். பலகைக்காரர்கள் ஓர் இடத்தை இப்படித்தான் பார்ப்பார்களாம், பலகை என்ன சொல்கிறது என்று கேட்பார்களாம். பலகை ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல உருண்டது. நேராக நாலாவது கம்பத்தைப் பார்த்துப் போனது. லாண்டரி அக்காவுக்கு அது எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே தெரியும். வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

ரசமட்டம் கொட்டகைக்குள் வந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்துப் போய், பலகை புறப்பட்ட அதே இடத்தில் ஊற்றினார். தண்ணீர் கொஞ்சம் கூட அலையாமல், பலகை போன தடத்திலேயே ஓடி, நாலாவது கம்பத்தைத் தொட்டுத் திரும்பி, மூலைச் சாக்கடையில் விழுந்தது. இன்ஜினீயர் கை தட்டிவிட்டார். குட்டை அதற்குள் ஓடிப்போய்ப் பலகையில் ஏறித் தளத்தைச் சுற்றி வட்டமடிக்க ஆரம்பித்தாள். பின்னாலேயே மகளும். காலி நாற்காலிக்குக்கூட வழி விடுகிற பெண், இங்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காற்றைக் கிழித்துப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் அக்கா. பயமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தால் எதைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

"எழுதிக்கவா சார்? இந்த எடத்துக்கு என்ன போடறது?" என்று கிளார்க் நோட்டைப் பிரித்தார். முத்து முத்தான கையெழுத்து. ஆனால் கரணை பிடித்த கை இல்லை.

ரசமட்டம் அக்காவைப் பார்த்தார். அவள் ஈர விரிப்பைப் பார்த்தாள். சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்து அவள் காலைச் சுற்றி நாலாவது கம்பத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"நல்ல வாட்டம். எழுதிக்குங்க" என்றார் ரசமட்டம்.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் ஆளுக்கொரு அவித்த முட்டை உருண்டுகொண்டிருந்தது.

"நான் பொய் சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். "வாய் வரைக்கும் வந்துச்சு. தரைய வச்சுக்கிட்டுப் பொய் சொல்ல முடியல."

"நான் உங்கள என்னங்க கேட்டேன்?"

"நீ கேக்கலதான். அதான் கஷ்டமா இருக்கு."

"அம்மா, பாலத்தடியே போதும்னு நாங்க சொல்லிர்றோம்" என்றாள் மகள். "நான் போய்க்குவேன்ல? நீ விடுவேல்ல?"

"நான் விடுவேன். குட்டையோட அம்மா விடுவாளா?"

மகள் முட்டையைத் தட்டின் ஓரத்துக்கு உருட்டிவிட்டாள்.

"முடிவு பண்ண வேண்டியது நகராட்சி. நாம எதுக்கு முட்டையப் பாத்து மொகத்தத் தூக்கி வச்சுக்கணும்? சாப்பிடுங்க" என்றாள் அக்கா. சொல்லிவிட்டாளே தவிர, அடுத்த மூன்று நாளும் ஒவ்வொரு விரிப்பைக் காயப்போடும்போதும் இது இங்கே எத்தனையாவது கடைசி விரிப்பு என்று மனசு கணக்குப் போட்டது.

புதன்கிழமை நாலு மணிக்கு நகராட்சி மண்டபத்தில் கூட்டம். வெளியே நிற்கவும் இடமில்லை. பலகைக் கூட்டம் முழுக்கப் பலகையோடு வந்து உட்கார்ந்திருந்தது. முன்வரிசையில் குட்டை, அவள் அம்மா. ரசமட்டம் இஸ்திரி போட்ட சட்டையில், அது தன் சட்டையே இல்லை என்பது மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். லாண்டரி அக்கா சுவரோரம் நின்றாள். கூட்டம் ஆரம்பிக்கிற நேரத்தில் எங்கேயோ மெயின் குழாய் உடைந்துவிட்டது என்று இன்ஜினீயருக்குப் போன் வர, அவர் அப்படியே எழுந்து ஓடினார்.

"அவரு இல்லன்னா என்ன, அறிக்கைதான் இருக்கே" என்று கவுன்சிலரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முதலாவது இடம், பம்பு ஹவுஸ் மைதானம். நீர் தேங்குவதால் உகந்ததன்று. இரண்டாவது இடம், மேம்பாலத்தின் அடிப்பகுதி. தரை உலர்ந்தும் நிழலுடனும் உள்ளது. மூன்றாவது இடம், பழைய கோடவுன் தளம்." அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு மறுபடி இறக்கினார். "மூன்றாவது இடம் மிகுந்த வாட்டத்துடன் காணப்படுகிறது."

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"வாட்டமாவா இருக்கு?" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர்.

"அப்படித்தான் போட்டிருக்கு. இடிச்சுப் போட்ட எடம்தானே, களையில்லாம இருக்கும்போல. பிள்ளைங்க சந்தோஷமா ஓடியாடறதுக்குப் போய் வாடி வதங்கின எடத்தையா குடுக்கறது? அப்ப இது வேண்டாம். பாலத்தடின்னு முடிச்சுக்கலாமா?"

லாண்டரி அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்புதான் வந்தது. தளம் பிழைத்துவிட்டது. ஒரு கிளார்க்கின் முத்தான கையெழுத்து அவள் பதினோரு கயிற்றையும் காப்பாற்றிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் யாரிடமும் கெஞ்சவில்லை. சும்மா நின்றால் போதும்.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஊரில் யார் வீட்டில் வாட்டம் என்ற சொல்லைத் தப்பாகச் சொன்னாலும் சண்டைக்குப் போகிற மனுஷன், இப்போது தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடை மட்டும் அசைந்தது. பிறகு மகளைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும். பார்க்குக்காக அறுபத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்க அலைந்தவள், உதட்டைக் கடித்துக்கொண்டு பலகையின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அக்காவுக்காகத்தான் வாயை மூடியிருந்தார்கள். முன்வரிசையில் குட்டையின் அம்மா குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். குட்டை மெல்லத் தன் பலகையை எடுத்து, இனி இது எதற்கு என்பது மாதிரி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

வாட்டம் என்றால் அதுதான். அக்காவால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"கவுன்சிலரம்மா, கொஞ்சம் இருங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. ரசமட்டம் எழுந்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நான் அந்தத் தளத்துல பதினோரு வருஷமா துணி காயப்போடறவ. அந்த எடம் போனா மொதல்ல நஷ்டம் எனக்குத்தான். அதனால நான் சொல்றத நீங்க நம்பலாம். அதுல எழுதியிருக்கறது அந்த வாட்டம் இல்லம்மா."

"பின்ன எந்த வாட்டம்?"

"மொகம் வாடற வாட்டம் இல்ல. தண்ணி ஓடற வாட்டம். தரை எந்தப் பக்கம் சரியணுமோ அந்தப் பக்கம் அளவாச் சரிஞ்சிருக்குன்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரரு நல்ல வாட்டம்னு சொன்னாரு. அவரு வாயில அந்த வார்த்த வர்றது அதிசயம்மா. எங்க கல்யாண மண்டபத் தரையவே அவரு அப்படிச் சொல்லல."

எல்லாரும் சிரித்தார்கள். கிளார்க் எழுந்தார். காதெல்லாம் சிவந்திருந்தது. "நல்ல வாட்டம்னுதான்மா சொன்னாரு. நல்ல வெயிலு, நல்ல அடின்னா ரொம்பன்னுதானே அர்த்தம்? அதான் அறிக்கையில மிகுந்தன்னு மாத்தினேன்." மண்டபமே அதிர்ந்தது. கவுன்சிலரம்மாவே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரிம்மா, வார்த்தை புரிஞ்சது. ஆனா உங்களுக்கு எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரியும்? நீங்க தளம் போடற ஆளா?"

இந்த இடத்தில் லாண்டரி அக்கா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். மகள் இருக்கும் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

"தினமும் ஓட்டறேன்மா. ஆறு மாசமா ஈரத்துணிக் கூடைய ஒரு சக்கரப் பலகை மேல வச்சுத்தான் தள்ளறேன். கொட்டகை வாசல்ல கைய விட்டா நாலாவது கம்பத்துல போயி அதுவா நிக்கும். ஒரு நாளும் தப்பினதில்ல."

"எந்தப் பலகைம்மா?" என்று கூட்டத்துக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது. மெதுவாகத்தான் கேட்டாள்.

"மஞ்ச சக்கரம் வச்சது."

குட்டை நாற்காலிமேல் ஏறி நின்று, "நான் எடுக்கலன்னு சொன்னேன்ல, கேட்டியா?" என்று கத்தினாள். அதற்கப்புறம் கூட்டத்தை அடக்க யாராலும் முடியவில்லை. பலகைக்காரர்கள் சக்கரத்தைத் தரையில் தட்டித் தட்டி மண்டபத்தையே இரண்டாக்கினார்கள். இரண்டு வருஷமாகத் திட்டு வாங்கிய மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்புதானா என்று அக்கா எட்டிப் பார்த்தாள். பாதி சிரிப்பு.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் கவுன்சிலரம்மா கேட்டார். "எடத்த விட்டுக் குடுத்துட்டு நீங்க என்னம்மா செய்வீங்க?"

"விட்டுக் குடுக்கறேன்னு நான் எங்கம்மா சொன்னேன்?" என்றாள் அக்கா. "காலைல ஒம்பதுலேருந்து ரெண்டரை வரைக்கும் அங்க இருக்கற வெயில்ல இவங்க விழுந்தா தோல் தரையிலேயே ஒட்டிக்கும். அந்த நேரம் எனக்கு வேணும். மூணு மணிக்கு மேல கயித்த அவுத்துட்டுப் போயிடறேன், அப்புறம் அவங்க பாடு. என்னவோ தொட்டி மாதிரி குழி தோண்டணுங்கறாங்க. தோண்டட்டும். அதுக்கு மேலதான் என் விரிப்பு ஆடும். இப்ப தரையில உரசுது, குழி இருந்தா உரசாது."

"கம்பம் நடுவுல நின்னா மோதிக்குவாங்களேம்மா?"

இப்போது ரசமட்டம் வாயைத் திறந்தார். எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "கம்பத்தக் கழட்டி மாட்டற மாதிரி தரைக்குள்ள குழாய் பதிச்சுத் தர்றேன். மேல மூடி. மூடிமேல பலகை போனா ஒரு சத்தம் கேக்காது. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

"கட்டி முடிக்க நாலு மாசம் ஆகுமே. அது வரைக்கும்?"

அதைத்தான் அக்கா யோசித்திருக்கவில்லை. மண்டபத்தின் பின்பக்கமிருந்து ஓர் ஆள், "எங்க வீட்டு மொட்டை மாடி காலியாத்தான்கா இருக்கு" என்றான். இன்னொருத்தி, "எங்க மாடில ஆறு கயிறு கட்டலாம்" என்றாள். "எங்க வீட்ல லிஃப்டே இருக்கு, கூடையத் தூக்கக்கூட வேண்டாம்." "காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி நாங்க வந்து ஏத்திட்டுப் போறோம்." குட்டையின் அம்மா திரும்பி, "எங்க வீட்டு மாடியையும் சேத்துக்கங்க" என்றாள். கிளார்க் எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொருவர் வீட்டையும் எழுதிக்கொண்டார். இந்த முறை யார் என்ன சொன்னார்களோ அதையே எழுதினார்.

கோடவுன் தளம் என்று முடிவானது. தெருவுக்கு வந்ததும் ரசமட்டம் அக்காவின் பக்கத்தில் நடந்தார். கூட்டம் முன்னால் கத்திக்கொண்டே போனது.

"உனக்காகத்தான் நான் சும்மா இருந்தேன்" என்றார்.

"தெரியும். அதனாலதான் என்னால சும்மா இருக்க முடியல."

"லாட்ஜுக்காரங்க நாலு மாசம் பொறுப்பாங்களா?"

"ஒருத்தர் பொறுப்பாரு. இன்னொருத்தர் போயிடுவாருன்னுதான் நெனைக்கறேன்." அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "போனா போகட்டும். நல்லா வெளுத்த துணி எங்க கெடைக்கும்னு தெரிஞ்சா திரும்பி வருவாரு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரசமட்டம் வேலைக்குப் போகாமல் தளத்தில் சுண்ணாம்புக் கட்டியோடு குந்தியிருந்தார். குழிக்கு இன்னும் யாரும் கோடு போடவில்லை. அவர் முதலில் போட்ட வட்டங்கள் கம்பத்துக்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டுக்கொண்டே நகர்ந்தார். மகள் மருந்துக்கடைக்கு மதியம்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, மஞ்சள் சக்கரப் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்து எதையோ திருகிக்கொண்டிருந்தாள்.

"அதைத் தர மாட்டேன்" என்றாள் அக்கா.

"யாரு கேட்டா? பேரிங் தேஞ்சு போச்சும்மா. எண்ணெய் கூட விடாம ஆறு மாசம் ஓட்டியிருக்க. என்ன ஆளு நீ." அவள் சக்கரத்தை ஒரு சுண்டுச் சுண்டினாள். அது நெடுநேரம் சுற்றியது. "ம். இப்ப வையி."

அக்கா ஈரத்துணிக் கூடையைத் தூக்கிப் பலகைமேல் வைத்தாள். எப்போதும்போல் அக்கம்பக்கம் பார்க்கப் போனவள், இனிமேல் எதற்கு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள். சந்தைத் தெருவில் கீரைக்காரி இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தாள். சைக்கிள் கடைக்காரர் எழுந்தே நின்றார்.

கையை விட்டாள். கூடை போனது. புது எண்ணெயில் முன்னைவிட வேகமாகப் போனது. மகள் அதன் பக்கத்திலேயே தன் பலகையில் ஏறி, ஒரு கையால் கூடையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு கூடவே போனாள்.

"கம்பத்துல மோதிராதடி" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள்.

நாலாவது வட்டத்துக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்த ரசமட்டம் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"மோதாது. அங்க போய் நிக்கும்."

நின்றது.